வட கடல்ல கோபிபாட் இனம் மாறுனதுக்கு வெறும் சூடு தான் காரணமா?

கரையோரன்:
மெரைன் பயாலஜி முதல் வருஷம் படிக்கிறேன். பிரிட்டனுக்கும் நார்வேக்கும் நடுவுல இருக்குற வட கடல்ல முன்னாடி கலானஸ் ஃபின்மார்கிகஸ் தான் அதிகமாம், இப்போ பெரும்பாலும் ஹெல்கோலாண்டிகஸ்னு கிளாஸ்ல சொன்னாங்க. ரெண்டும் கோபிபாட், அதாவது கடல்ல மிதக்குற குட்டி இறால் மாதிரி உயிரி, அரிசில பாதி கூட இருக்காது. தண்ணி கொஞ்சம் சூடானதுக்கே இப்படி ஆகுமா? அப்படியே ஆனாலும் மீனுக்கு என்ன நஷ்டம், எதுவா இருந்தாலும் இரை தானே?

உப்புக்காத்து:
சூடு பெரிய காரணம் தான், ஆனா அதோட நிறுத்திடாதீங்க. ஃபின்மார்கிகஸ் குளிர்காலத்துல 500 மீட்டருக்குக் கீழ, சில இடத்துல 1000 மீட்டரையும் தாண்டி இறங்கி, உடம்புல சேத்து வச்ச எண்ணெய்லயே மாசக்கணக்கா எதுவும் திங்காம கிடக்கும். வட கடல் பெரும்பாலும் 200 மீட்டருக்கும் கம்மி, அங்க இறங்கித் தங்க ஆழமே இல்ல, அதனால ஸ்காட்லாந்துக்கு வடக்க ஃபேரோ ஷெட்லாண்ட் கால்வாயோட அடில, கிட்டத்தட்ட 0 டிகிரில இருக்குற தண்ணில தங்கிட்டு வசந்தம் வந்ததும் மேல ஏறி நீரோட்டத்தோட உள்ள வரும். அந்த ஆழத்துக் குளிர்தண்ணி வரத்து குறைஞ்சாலோ காத்து திசை மாறுனாலோ உள்ள வர்ற கூட்டமும் குறைஞ்சிடும். ஹெல்கோலாண்டிகஸுக்கு இந்தப் பயணமே தேவையில்ல, சூட்டையும் தாங்கும்.

வலைஞன்:
எதுவா இருந்தாலும் இரை தானேன்னு கேட்டீங்கல்ல, அங்க தான் விஷயமே இருக்கு. ஃபின்மார்கிகஸ் வசந்தத்துல பெருகும், ஹெல்கோலாண்டிகஸ் பெருகுறது இலையுதிர் காலத்துல. காட் மீன் குஞ்சு இரை தேடுறது வசந்தத்துல. குஞ்சுக்குப் பசிக்கிற மாசத்துல தோதான சைஸ் இரை கம்மியாப் போச்சுன்னா எத்தனை குஞ்சு தேறும்? காட் குறைஞ்சதுக்கு வலையை மட்டும் குத்தம் சொல்றவங்க இதையும் பாக்கணும், ரெண்டும் சேந்து தான் அடிச்சிருக்கு.

உப்புக்காத்து:
ஆமா. இதெல்லாம் தெரிய வந்ததே 1931ல இருந்து சரக்குக் கப்பலுக்குப் பின்னாடி ஒரு கருவியக் கட்டி இழுத்து, உள்ள சுத்துற பட்டுத்துணில பிளாங்டன், அதாவது தண்ணில மிதக்குற குட்டி உயிருங்களைப் புடிச்சதால தான். ரெண்டு இனத்தையும் பிரிக்க மைக்ரோஸ்கோப்ல அஞ்சாவது ஜோடி நீச்சல் காலோட உள்விளிம்பு வளைவப் பாப்பாங்க, அவ்வளவு சின்ன வித்தியாசம். அமெரிக்காப் பக்கம் மெயின் வளைகுடாவுலயும் இதே கதை தான், 2010க்கு அப்புறம் வெதுவெதுப்பான தண்ணி உள்ள வந்து ஃபின்மார்கிகஸ் குறைஞ்சதும் ரைட் திமிங்கலங்கள் இரை தேடி கனடாவோட செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவுக்குப் போச்சு. அப்போ அங்க அதுங்களுக்குப் போதுமான பாதுகாப்பு ஏற்பாடு இல்லாம இருந்துச்சு, 2017ல கப்பல் மோதியும் மீன்புடி கயிறுல சிக்கியும் நிறைய செத்துச்சு. நினைச்சாலே மனசு பதறுது.

கரையோரன்:
ரொம்ப நன்றிங்க. ப்ராஜெக்டுக்கு வருஷ சராசரி போதுமா?

வலைஞன்:
போதாது தம்பி, மாசவாரியா எடுங்க. சராசரில ரெண்டு இனமும் கலந்துட்டா வசந்தத்துல விழுந்த பள்ளம் கண்ணுக்கே தெரியாது.