திருவிழாப் பொங்கலை வாங்கலாமா?

கேள்வி: தலவாக்கலைக்காரன்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருக்கிறேன். எங்கள் டிவிசனில் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், என்றால் நாங்களும் இன்னும் இரண்டு லயத்து வீட்டுக்காரர்களும்தான். மற்றவர்கள் எல்லாம் இந்துக்கள். நான் வாய் திறந்து திட்டினாலும் சரி, ஒருவருக்கு ஆஸ்பத்திரிக்குக் காசு கொடுத்தாலும் சரி, 'வேதக்காரர் செய்தார்' என்றுதான் பேச்சு வரும்.

அடுத்த மாதம் மாரியம்மன் திருவிழா. வீட்டுக்குப் பொங்கலும் சுண்டலும் கொண்டுவருவார்கள். போன வருசம் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன், என் விசுவாசத்துக்குச் சாட்சியாக இருக்கட்டுமே என்று. கொண்டுவந்த பிள்ளைக்கு எட்டு வயது இருக்கும். தட்டோடு வாசலில் நின்றது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. 'உங்கள் வெளிச்சம் பிரகாசிக்கட்டும்' என்று மத்தேயு 5:16 சொல்வது இதைத்தானா? இந்த வருசம் என்ன செய்வது?

இன்னொன்று. இது கேள்வியில் சேராது. போன வாரம் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் மழைக்கொழுந்து நிறுக்கும்போது ஓர் அக்கா, "ஐயா ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போறீங்களே, வெட்டுற ரெண்டு கிலோவையும் அங்கதான் காணிக்க போடுறீங்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

பதில்: பதுளை வாத்தியார்

தம்பி, பொங்கல் விசயத்தை பவுலே 1 கொரிந்தியர் 10இல் இரண்டு பக்கமாகவும் பேசியிருக்கிறார். 27ஆம் வசனம் கேள்வி கேட்காமல் சாப்பிடச் சொல்லும், 28ஆம் வசனம் படைத்தது என்று ஒருவர் சொல்லிவிட்டால் வேண்டாம் என்னும். உன் மனச்சாட்சியைக் கேட்டு முடிவெடு. ஆனால் வாங்காவிட்டாலும் பிள்ளையை உள்ளே கூப்பிட்டு பிஸ்கட் கொடுத்து அனுப்பலாமே.

சரி, அந்த ரெண்டு கிலோ என்ன கதை?

பதில்: மஸ்கெலியா மகள்

நான் வேதக்காரி இல்லை. எங்கள் அம்மா முப்பது வருசம் கொழுந்து எடுத்தவர். நீங்கள் பொங்கல் சாப்பிட்டீர்களா என்று அம்மா ஒரு நாளும் யோசித்திருக்க மாட்டார். தராசில் முள் ஆடி நிற்பதற்கு முன்னாலேயே கிலோவை எழுதிவிடுவார்கள் என்பதைத்தான் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். வருசத்துக்கு ஒரு தடவை வரும் பொங்கலுக்கு இவ்வளவு கவலைப்படுகிறீர்கள். மடுவத்துக்கு நீங்கள் ஒரு நாளைக்கு மூன்று தடவை போகிறீர்கள், அண்ணன்.

பதில்: தலவாக்கலைக்காரன்

தங்கச்சி சொன்னது சுட்டது. ஆனாலும் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தோட்டத்தில் ஒரு பேர், அதாவது ஒரு நாள் முழுச் சம்பளம், விழ 18 கிலோ வேண்டும். குறைந்தால் அரைப் பேர். ஒவ்வொரு நிறுவைக்கும் சாக்குக்கும் தண்ணீருக்குமாக இரண்டு கிலோ கழிக்கிறோம். எனக்கு முன்னால் இருந்தவரும் இப்படித்தான் செய்தார். காலையில் 8, பகலில் 7, பின்னேரம் 6 என்று ஓர் அக்கா 21 கிலோ கொண்டுவந்தால் என் கொப்பியில் 15தான் விழும். மலையில் எழுதிய கிலோவைவிட ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், இறங்கிய கிலோ குறைந்தால் தோட்டத் துரையிடம் பேச்சு வாங்குவது நான். அந்தப் பயத்தில்தான் கழிக்கிறேன், திருடுவதற்காக இல்லை.

இதை எழுதிவிட்டு இன்று வெறும் சாக்கைத் தராசில் தொங்கவிட்டுப் பார்த்தேன். காய்ந்தது அரைக் கிலோ, நன்றாக நனைந்தது ஒரு கிலோ. நனைந்த சாக்கை மட்டும் கழித்திருந்தால் அந்த அக்காவுக்குச் சரியாக 18. இலையில் ஒட்டிய தண்ணீரும் உண்மைதான், இல்லை என்று சொல்லவில்லை. வெயில் நாளிலும் இரண்டு கிலோ கழித்தேனே, அதற்கு என்ன சொல்வது? நீதிமொழிகள் 11:1 கள்ளத்தராசைப் பற்றியது. ஞாயிறு பள்ளியில் அதை மனப்பாடம் ஒப்புவித்துப் பென்சில் வாங்கியவன் நான்.

பதில்: கண்டி அந்தோனியார் பக்தை

நாங்கள் கத்தோலிக்கர். எங்கள் ஜோசப் வாஸ் அடிகளார் 1692இல் கண்டிக்கு வந்தபோது ஒற்றன் என்று சொல்லிச் சிறையில் போட்டார்கள். 1697இல் பெரியம்மை பரவி வசதி உள்ளவர்கள் ஊரைவிட்டு ஓட, அவரும் மருமகன் கர்வாலியோ அடிகளாரும் நோயாளிகளைக் கழுவித் துடைத்து, இறந்தவர்களைப் புதைத்தார்கள். அதற்குப் பிறகு ராஜாவுக்கு அவர்மேல் இருந்த மதிப்பே வேறு. 2015இல் புனிதர் பட்டம் கொடுத்த பூசைக்கு காலிமுகத்திடலுக்கு நானும் போயிருந்தேன், சரியான வெயில்.

உங்களை அம்மை நோயாளியைத் தூக்கச் சொல்லவில்லை. முள் நிற்கும்வரை பொறுங்கள், போதும்.

பதில்: தலவாக்கலைக்காரன்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். இப்போது ஒவ்வொரு நிறுவைக்கும் முன்னால் வெறும் சாக்கை எல்லோர் முன்னாலும் தொங்கவிட்டு, அந்த எடையை மடுவத்துச் சுவரில் சோக்கால் எழுதுகிறேன். மழை என்றால் தண்ணீருக்கு இன்னும் அரைக் கிலோ. அதையும் எழுதுகிறேன். முதல் நாள் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் அந்த அக்கா தன் சாக்கை உதறிக் கொடுத்து, "இத நிறுங்க, என்னோடது கொஞ்சம் பாரம் கம்மி" என்றார். இருந்தது, கால் கிலோ.

பொங்கல் வந்தது. நான் வேலையில் நின்றேன், வீட்டில் வாங்கிவிட்டார்கள். வந்து பார்க்கும்போது சட்டி காலி.

ஆனால் போன செவ்வாய் ஸ்டோர் கணக்கில் 11 கிலோ குறைந்துவிட்டது. சின்னத்துரை விளக்கக் கடிதம் கேட்டிருக்கிறார், வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்கவேண்டும். ஈரத்துக்குக் கழிப்பதைப் பற்றி யாராவது முன்பு இப்படி எழுதிக் கொடுத்திருந்தால், எப்படித் தொடங்கினீர்கள் என்று சொல்லுங்கள்.