காட்டெருமை வந்தால் செயினை விடலாமா?

கோத்தகிரிக்காரன்:
செவலை நேற்று இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. தேயிலைத் தோட்டத்தில் நாயோடு நடக்கும்போது காட்டெருமை வந்தால் செயினை விட்டுவிட வேண்டுமாம், நாய் தப்பித்துக்கொள்ளுமாம். யாராவது இதை நம்பினால் உயிர் போகும். விட்ட நாய் குரைத்துக்கொண்டு அதன் காலடிக்குத்தான் போகும். அது முட்ட வந்ததும் நாய் எங்கே ஓடும்? வளர்த்தவரிடம். பின்னாலேயே ஆயிரம் கிலோ வரும்.

செவலை:
துரத்தும்போது விடச் சொன்னேன். பார்த்ததும் விடச் சொல்லவில்லை. பிரிட்டனில் நடைபயணிகளுக்குச் சொல்லும் அறிவுரையே இதுதான்: மாடு துரத்தினால் நாயின் கயிற்றை விட்டுவிடு. மாட்டின் கோபம் நாய் மேல்தான்.

கோத்தகிரிக்காரன்:
அது வேலி போட்ட மேய்ச்சல் நிலம், பண்ணை மாடு. இங்கே உண்ணிச்செடிப் புதருக்குள் சிறுத்தை படுத்திருக்கும். வாசலில் கட்டிய நாயையே ராத்திரி தூக்கிக்கொண்டு போகிறது. செயினை விடக் கூடாது.

செவலை:
சிறுத்தையைப் பற்றி யார் கேட்டது? காட்டெருமை துரத்துகிறது, செயின் கையில். நாயும் நீங்களும் சேர்ந்து மிதிபடுவதா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

கோத்தகிரிக்காரன்:
துரத்தும் வரை ஏன் நிற்க வேண்டும்? காட்டெருமை முதலில் மூச்சைச் சீறும். பக்கவாட்டில் திரும்பி உடம்பைக் காட்டும். தலையைத் தாழ்த்தும். அப்போதே செயினைச் சுருக்கிப் பிடித்து, நாயை மறுபக்கம் வைத்து, பின்வாங்கி வரலாம். கூட்டத்தைவிட ஒற்றைக் கிடாவிடம் இன்னும் கவனம் வேண்டும். தினமும் பார்க்கிறவன் சொல்கிறேன், செயினை விடக் கூடாது.

வைகைக்கரை:
இரண்டு பேரும் தடுப்பூசியை மறந்துவிட்டீர்கள். 2018-இல் கிர் காட்டில் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தபோது, பலவற்றில் டிஸ்டெம்பர் வைரஸ் இருந்தது. நாய்களுக்கு வரும் அதே நோய். 1994-இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டி காட்டுச் சிங்கங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதில் போயின. நம் காட்டில் செந்நாய் இருக்கிறது, வீட்டு நாயிடமிருந்து அதற்கும் தொற்றலாம். ஊசி போடாத நாயைக் காட்டோரம் கூட்டிப் போவதே தப்பு.

கோத்தகிரிக்காரன்:
ஊசி அவசியம், யார் மறுத்தது? அதற்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே பேச்சு செயின்.

செவலை:
என் நாய் சிப்பிப்பாறை. அதன் ஓட்டத்துக்குக் காட்டெருமை கிட்டவே வர முடியாது. எங்கள் ஊர்ப்பக்கம் முயலை விரட்டிப் பிடித்த பரம்பரை.

கோத்தகிரிக்காரன்:
பொட்டல் காட்டில் ஓட வளர்த்த நாய் அது. தேயிலைச் செடிகள் நடுவே ஒரு ஆள் நடக்கவே இடம் போதாது, அதில் எங்கே பாயும்? அப்புறம், முயல் வேட்டை 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அதைப் பெருமையாக வேறு எழுதுகிறீர்கள்.

செவலை:
பரம்பரை என்றேன், நான் பிடித்தேன் என்றேனா? குரங்குக்குப் பொரி போடுவது பற்றிப் பேசியபோதும் இப்படித்தான், "மலை தெரியாதவன்" என்று என் வாயை அடைத்தீர்கள். மலை உங்கள் தாத்தா சொத்தா?

வைகைக்கரை:
சண்டையை விடுங்கள். செவலை, நாய்க்கு ஊசி போட்டாச்சா?

செவலை:
வருடா வருடம் போடுகிறேன். இவருக்குத்தான் துரத்தும்போது என்ன செய்வது என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

கோத்தகிரிக்காரன்:
சொல்லிவிட்டேன். துரத்தவிடாதீர்கள், செயினையும் விடாதீர்கள். பொரி போட்டுக் குரங்கைக் கெடுத்ததும் உங்களைப் போன்ற சுற்றுலாக்காரர்கள்தான், அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

செவலை:
நான் பொரி போட்டதை நீங்கள் பார்த்தீர்களா? பழைய இழையைத் தோண்டி எடுத்துக் காட்டுங்கள், பேசுவோம். துரத்தினால் செயினை விடுவேன்.