அலுமினியப் பாய்மரத்தில் இறுகிய துருப்பிடிக்கா எஃகுத் திருகுகள்

கேள்வி: என் படகின் அலுமினியப் பாய்மரத்தில் கப்பியைத் தாங்கும் இரு துருப்பிடிக்கா எஃகுத் திருகுகள் அசையவே மறுக்கின்றன. தலை சிதையாமல் அவற்றை எவ்வாறு கழற்றுவது?

பதில் 1: உப்புநீர் படும்போது இவ்விரு உலோகங்களும் மின்கலம்போல் செயல்படுவதால் அலுமினியமே அரிக்கப்படுகிறது, அதில் உருவாகும் வெண்ணிறப் பொடி கூடுதல் இடத்தை அடைத்து மரையை இறுக்கிவிடுகிறது. ஊடுருவும் எண்ணெயை இரண்டு நாள்கள் ஊறவிட்டு, சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவரைப் பயன்படுத்துங்கள்.

பதில் 2: எண்ணெயை மட்டும் நம்பி நான் ஒரு திருகின் தலையையே இழந்தேன். ஒரு பாகை வெப்பத்துக்கு அலுமினியம் மீட்டருக்குச் சுமார் 23 மைக்ரோமீட்டரும் இவ்வகை எஃகு 16 அல்லது 17 மைக்ரோமீட்டரும் விரிவதால், எண்ணெயை நன்கு துடைத்தபின் வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் திருகைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்குங்கள்; துளை திருகைவிட அதிகம் விரிந்து பிடி தளரும்.

பதில் 3: மீண்டும் பொருத்துகையில் மரையில் அரிப்புத்தடுப்புப் பசை தடவ மறவாதீர்கள்.