நாயோடு வீடு திரும்பல்: நாடாப்புழு மாத்திரை எப்போது?

கேள்வி:
ஏழு வாரமாகக் காரில் சுற்றுகிறோம். போர்ச்சுகல் வரை போய்விட்டு இப்போது ஸ்பெயினில், பில்பாவோவில் இருக்கிறோம். சனி மாலை 6 மணிக்குப் பிரான்சின் கலேயிலிருந்து இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டோனுக்குக் காரை ஏற்றிச் செல்லும் ரயில். கூட இருப்பது பதினொரு வயது லாப்ரடார். பின் சீட் முழுக்க அவன் ராஜ்ஜியம், மணலும் முடியுமாக. இன்று திங்கள். பிரிட்டனுக்குள் நுழைய நாய்க்கு நாடாப்புழு மாத்திரை கொடுத்திருக்க வேண்டுமே, காலை 10 மணிக்கு இங்கேயே ஒரு கால்நடை மருத்துவரிடம் கொடுத்துவிடலாமா? பிரெஞ்சு எனக்குச் சுத்தமாக வராது.

பதில் 1:
வேண்டாம். கணக்குப் போடுங்கள்: இன்று காலை 10-லிருந்து சனி மாலை 6 வரை 128 மணி நேரம் ஆகிறது. பிரிட்டனுக்குள் நுழையும்போது, மாத்திரை கொடுத்து 24 மணி நேரத்துக்குக் குறையாமலும் 120-ஐத் தாண்டாமலும் இருக்க வேண்டும். புதன் அல்லது வியாழன், வழியில் பிரான்சின் போர்தோ பக்கம் கொடுங்கள். மருந்தில் நாடாப்புழுவைக் கொல்லும் பிராசிகுவான்டெல் இருக்கிறதா என்று பாருங்கள், அதற்குப் பிரெஞ்சு தேவையில்லை.

பதில் 2:
மாத்திரை கொடுத்த தேதியோடு நேரமும் நாயின் பயண ஆவணத்தில் எழுதச் சொல்லுங்கள் மருத்துவரிடம். போன வருடம் ஒரு கால்நடை மருத்துவர் நேரத்தை விட்டுவிட்டார், நானும் பார்க்கவில்லை. கலேயில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னொரு மாத்திரை, இன்னொரு ராத்திரி, இன்னொரு பில். நாய்க்கு மட்டும் கொண்டாட்டம், கடற்கரையில் ஒரு நாள் கூடுதல். கலேயில் நாயைப் பதிய வேறு நேரமாகும், சீக்கிரம் போங்கள். ரயிலில் 35 நிமிடம்தான், அவன் காரை விட்டு இறங்கவே வேண்டாம்.

கேட்டவர்:
நன்றி. வியாழன் காலை போர்தோவில் நேரம் வாங்கிவிட்டேன். மாத்திரையைச் சீஸில் மறைத்தால் சீஸை மட்டும் தின்று மாத்திரையைத் துப்புவான், அதை அந்த மருத்துவரே பார்த்துக்கொள்ளட்டும்.