சேர்ந்த வருஷமே சொராரிட்டியில் பொறுப்பு எடுக்கலாமா?

வைகைக்கரை: அமெரிக்காவில் முதலாமாண்டு படிக்கும் என் தங்கை செப்டம்பரில் ஒரு சொராரிட்டியில், அதாவது கல்லூரி மாணவியர் சங்கத்தில், சேர்ந்தாள். இப்போதுதான் முழு உறுப்பினர் ஆகியிருக்கிறாள். அதற்குள் நவம்பர் தேர்தலில் பொருளாளராக நிற்கச் சொல்கிறார்கள். நிற்கலாமா?

பழைய_பொருளாளர்: வேண்டாம். நூறு பெண்களிடம் சந்தா வசூலிக்க வேண்டும். தராதவர்களில் அவளைக் கைபிடித்துச் சேர்த்துக்கொண்ட 'பிக்' அக்காவும் இருக்கலாம், அவரிடம் எப்படிக் கறாராகப் பேசுவாள்? பல சொராரிட்டிகளில் பதவிக்குக் குறைந்தபட்ச ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) உண்டு. அவளுக்கு முதல் செமஸ்டர் மார்க்கே இன்னும் வரவில்லை.

கயல்_டெக்சாஸ்: கணக்குப் போட்டுப் பாருங்கள். பல இடங்களில் பதவிக்காலம் ஜனவரி முதல் டிசம்பர் வரை. இந்த நவம்பரை விட்டால் அடுத்தது இரண்டாம் ஆண்டு நவம்பர். அதில் ஜெயித்தால் மூன்றாம் ஆண்டு பாதிவரை பதவி. அந்த நேரத்தில்தான் பலர் வெளிநாட்டு செமஸ்டருக்குக் கிளம்புவார்கள், கடைசி ஆண்டில் வேலை தேடவே நேரம் சரியாக இருக்கும். அப்புறம் யார்தான் செய்வது?

தவிர, எல்லா சாப்டரும் (ஒரு கல்லூரியில் இருக்கும் கிளை) பெரிது இல்லை. 1998இல் ஆஸ்டினில் தொடங்கிய கப்பா ஃபை காமா போன்ற தெற்காசிய சொராரிட்டிகளில் ஒரு சாப்டரில் பத்துப் பேர் மட்டும் இருப்பதும் உண்டு. அங்கே புதியவர்கள் காத்திருந்தால் சாப்டரை மூட வேண்டியதுதான்.

பழைய_பொருளாளர்: சின்ன சாப்டர் என்றால் சரி, வேறு வழியில்லை. நூறு பேர் இருக்கும் இடத்தில் துணைப் பொறுப்பு ஏதாவது எடுக்கட்டும். பணம், புதியவர்களுக்கான பயிற்சி, பாதுகாப்பு விதிகள், இந்த மூன்றும் கூடாது. ராகிங் பற்றி 2024 டிசம்பரில் கூட்டாட்சிச் சட்டமே வந்துவிட்டது. விதி மீறிய அமைப்புகளின் பெயரைக் கல்லூரி வெளியிட வேண்டும். விளையாட்டில்லை.

கயல்_டெக்சாஸ்: ராகிங்கை 'நாங்களும் பட்டோம்' என்று தொடர்வது மூத்தவர்கள்தானே அக்கா? நேற்றுப் பட்டவளுக்குத்தான் அது உறைக்கும். பயிற்சிப் பொறுப்பை நான் புதியவளுக்கே கொடுப்பேன்.

பழைய_பொருளாளர்: மூத்தவள் முறைத்தால் வாயைத் திறப்பாளா அவள்? பதவி கொடுத்தவுடன் தைரியம் வந்துவிடாது. வைகை, இப்போதைய பொருளாளர் அடுத்த செமஸ்டர் கூட இருந்து சொல்லித்தருவாரா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் என் எதிர்ப்பில் பாதி போய்விடும்.

வைகைக்கரை: கேட்டேன். அவர் ஜனவரியில் ஸ்பெயின் போகிறாராம்.

கயல்_டெக்சாஸ்: ஸ்பெயினிலும் வாட்ஸ்அப் உண்டு.

பழைய_பொருளாளர்: உண்டு. பதில் வருமா என்பதுதான் கேள்வி. நிற்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.