வெண்பன்றித் தீவனத்தில் மக்காச்சோளத்துக்குப் பதில் கம்பு: கட்டுபடியாகுமா?

கொங்குப் பண்ணை:
2018இல் மக்காச்சோளப் பயிரைத் தின்னும் படைப்புழு இந்தியாவில் புகுந்தது முதல் மக்காச்சோள விலை நிலையாக இல்லை. பெட்ரோலில் கலக்கும் எத்தனாலைத் தயாரிக்கும் ஆலைகளும் வாங்கத் தொடங்கிய பின், 2024இல் இந்தியாவே அதை இறக்குமதி செய்ய நேர்ந்தது. கோழிப் பண்ணைகளோடும் ஆலைகளோடும் போட்டியிட்டு வாங்கச் சிறு பண்ணையாளர்களால் முடியாது. 20 கிலோ எடையைத் தாண்டிய குட்டிகளுக்கு மக்காச்சோளத்தை அடியோடு நிறுத்திவிட்டுக் கம்பு கொடுக்கலாம். மக்காச்சோளத்தில் புரதம் 8, 9 சதவீதம்தான். கம்பில் 11, 12 இருக்கிறது. மானாவாரி நிலத்திலும் விளைகிறது.

வையைக்கரை:
முழுமையாக மறுக்கிறேன். கம்பு தின்ற குட்டிகள் எங்கள் கொட்டிலில் எடையில் பின்தங்கின. கழிவிலும் முழுத் தானியம் கிடந்தது. மூட்டை விலை குறைந்தால் போதுமா? ஒரு கிலோ எடை கூடுவதற்கு ஆகும் தீவனச் செலவைப் பாருங்கள். தேன் ஒழுகல் என்ற பூஞ்சை நோய் தாக்கிய கதிரின் கம்பு கலந்துவிட்டால் தாய்ப்பன்றிக்குப் பால் வற்றும். குட்டிகள் பட்டினியில் சாகும்.

தீவனக் கணக்கு:
வையைக்கரை ஐயா, கம்பு சேர்த்தபோது சோயாப் பிண்ணாக்கைக் குறைத்தீர்களா?

வையைக்கரை:
100 கிலோ தீவனத்துக்கு 4 கிலோ குறைத்தோம். மொத்தப் புரதம் முன்பிருந்த அளவிலேயே இருந்தது.

தீவனக் கணக்கு:
சிக்கல் அங்கேதான் இருக்கிறது. பன்றிக்குத் தேவை வெறும் புரதம் அல்ல, அதில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலம். 25 முதல் 50 கிலோ வரையுள்ள பன்றியின் தீவனத்தில் அது ஏறத்தாழ 1 சதவீதம் இருக்க வேண்டும். 4 கிலோ சோயாவை எடுத்தால் 110 கிராம் லைசின் போய்விடும். 100 கிலோ தீவனத்தில் உள்ள 60 கிலோ மக்காச்சோளத்தின் இடத்தில் கம்பு போட்டால் கூடுவது 60 கிராம் அளவுக்குத்தான். மீதி 50 கிராம் பள்ளம்! குட்டி வளராததற்குக் கம்பின் மீது பழி போடுவது நியாயமல்ல. லைசின் உப்பு முழுவதும் லைசின் அல்ல என்பதால், அதை 65 கிராம் கலந்தால் ஈடாகிவிடும். இல்லையென்றால் சோயாவில் கை வைக்காதீர்கள். கழிவில் முழுக் கம்பு வருவது அரவைக் கோளாறு. மக்காச்சோளச் சல்லடையிலேயே அரைத்தால் சிறு மணிகள் உடையாமல் நழுவிவிடும். சிறிய துளைச் சல்லடை வேண்டும்.

கொங்குப் பண்ணை:
வெள்ளைச் சோளமும் நல்ல மாற்றுத்தான். டானின் என்ற துவர்ப்புப் பொருள் மிகுந்த செந்நிற ரகங்களை மட்டும் தவிர்க்க வேண்டும்; அவற்றில் புரதம் சரியாகச் செரிக்காது. தேன் ஒழுகல் நோய்க்கு அஞ்சுவானேன்? விதைக் கம்பை உப்புக் கரைசலில் இட்டு மிதக்கும் நோய்த் தானியத்தை அள்ளிவிடுகிறோமே.

வையைக்கரை:
ஓர் ஏக்கர் விதைக்கு அது சரி. தீவனக் கம்பை மூட்டை மூட்டையாக அலசி, உலர்த்துவதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். லைசின் கணக்கை ஏற்கிறேன், ஆனால் எங்கள் ஊர்த் தீவனக் கடையில் லைசின் கிடைப்பதில்லை. அதனால் சோயாவைக் குறைக்காமல், நன்றாக அரைத்து, மக்காச்சோளத்தில் பாதியளவுக்கு மட்டும் கம்பு சேர்க்கலாம். அதுவும் வளரும் பன்றிகளுக்கு மட்டும். சினைப் பன்றிக்கும் பால் கொடுக்கும் பன்றிக்கும் கம்பு வேண்டவே வேண்டாம். அதில் நான் இறங்கி வரமாட்டேன்.

தீவனக் கணக்கு:
தாய்ப்பன்றிகளுக்கு அரிசிக் குருணை கொடுங்கள். விலையை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். எத்தனால் ஆலைகள் அதையும் வாங்குகின்றன.