மொய்க் கவரில் ஒட்டியிருந்த ஒரு ரூபாய் வட்டியா?

நெல்பேட்டை மாமு:
ஜவுளித் தம்பி நேற்று இங்கே எழுதியதைப் படித்தீர்களா? "செய்த மொய்யைவிட ஒரு ரூபாய் கூடத் திரும்பி வந்தாலும் அது வட்டி. வந்த வட்டியை மொய் மேசையிலேயே திருப்பிக் கொடுத்தேன்" என்று பெருமையடித்திருக்கிறார். அந்த ஒரு ரூபாய் என்னுடையது.

அவர் தம்பியின் வலீமா (கல்யாண) விருந்துக்குப் போய்க் கவரை நீட்டினேன். உள்ளே ஆயிரம். கடையில் விற்கிற எல்லாக் கவரையும் போல மேலே ஒரு ரூபாய் நாணயம் ஒட்டியிருந்தது. இவர் எழுந்து வந்து அதை நகத்தால் சுரண்டிப் பெயர்த்து, பிசுபிசுப்போடு என் உள்ளங்கையில் வைத்து, "வட்டி வேண்டாம் மாமு" என்கிறார். பின்னால் பிரியாணிக்கு நின்ற கூட்டம் முழுக்கப் பார்க்கிறது. முப்பது வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். என்னை ஒருத்தன் வட்டிக்காரன் என்றதில்லை.

ஜவுளித் தம்பி:
மாமு, கோபம் வேண்டாம், மார்க்கத்தைப் பேசுவோம். உங்கள் மகள் நிக்காஹ்வுக்கு நான் ஆயிரம் செய்தேன். பெயர், ஊர், தொகை எல்லாம் நோட்டில் ஏறியது. திரும்ப வராவிட்டால் ஊரில் என்ன பேசுகிறோம்? "அவன் செய்முறை பாக்கி வைத்திருக்கிறான்" என்கிறோம். பாக்கி என்றாலே கடன். கடனுக்கு மேல் வருவது ரிபா, அதாவது வட்டி. "வியாபாரத்தை ஹலாலாக்கி வட்டியை ஹராமாக்கினான்" என்று குர்ஆன் 2:275 சொல்கிறது. அதில் ஒரு ரூபாய்க்குத் தள்ளுபடி எதுவும் இல்லை.

நெல்பேட்டை மாமு:
ஒரு வசனத்தோடு நிறுத்திவிட்டால் எப்படி? 30:39-ஐயும் படியுங்கள். மக்களின் செல்வத்தில் சேர்ந்து பெருகட்டும் என்று கொடுப்பது அல்லாஹ்விடம் பெருகாது என்று வருகிறது. கூடுதலாகத் திரும்பி வரும் என்ற ஆசையில் கொடுக்கும் அன்பளிப்பு அது என்று நபித்தோழர் இப்னு அப்பாஸ் (ரலி) விளக்கியதாகத் தஃப்ஸீரில் (குர்ஆன் விரிவுரையில்) இருக்கிறது. நன்மை கிடைக்காது, அவ்வளவுதான். நபி (ஸல்) அன்பளிப்பை வாங்கிக்கொண்டு பதிலுக்கும் கொடுப்பார்கள் என்று ஆயிஷா (ரலி) சொன்னது புகாரி ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பிலேயே உண்டு. அப்புறம், இளம் ஒட்டகத்தைக் கடன் வாங்கி அதைவிட நல்ல ஒட்டகமாகத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன ஹதீஸ்? "உங்களில் சிறந்தவர் கடனை அழகாகத் தீர்ப்பவர்." அந்த ஒட்டகத்தின் கூடுதலை யாரும் நகத்தால் சுரண்டவில்லை!

ஜவுளித் தம்பி:
அந்த ஒட்டகத்தில் நிபந்தனை இல்லை. யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. நம் மொய்யில் கூடப் போடுவது வழக்கம். வழக்கத்தில் ஊறிப்போனது வாய்விட்டுப் போட்ட நிபந்தனைக்குச் சமம் என்பது ஃபிக்ஹில் (மார்க்கச் சட்டத்தில்) சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விதி. ஆகவே அந்த ஒரு ரூபாய் வட்டிதான்.

மேலூர் மருமகன்:
பாய்மார்களே, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் பக்கம் மண்டப வாசலில் கம்ப்யூட்டர் மொய். பணத்தைக் கொடுத்ததும் சீட்டு அச்சடித்துக் கையில் தருகிறார்கள். வாங்கியதை அப்படியே திருப்பிச் செய்தால் "கணக்கை முடித்துவிட்டான்" என்று உறவே முறியும். கூடப் போடாததற்குத்தான் எங்களிடம் சண்டை நடக்கும்.

ஜவுளித் தம்பி:
பார்த்தீர்களா மாமு? நான் சொன்ன வழக்கம் இதுதான். நன்றி மருமகன்.

மேலூர் மருமகன்:
ஐயோ, நான் மாமு பக்கம் பேசினேன்.

மஹபூப்பாளையம் லாத்தா:
எனக்கு ஒரு சந்தேகம். 2004-ல், பவுன் ஐயாயிரத்தைத் தொடாத காலத்தில், நாத்தனார் மகளுக்கு அரைப் பவுன் மோதிரம் போட்டேன். போன மாதம் என் மகள் நிக்காஹ்வில் அவர்கள் நோட்டைப் பார்த்து, அன்றைய விலைக்கு 2,500 ரூபாய் வைத்தார்கள். ஒரு ரூபாய்க்கு இவ்வளவு ஆதாரம் எடுக்கிறீர்களே, இதற்கு என்ன சட்டம்? மோதிரமா, பணமா?

கீழக்கரைக் காக்கா:
அடிப்படையே தெரியாமல் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். முதலில் அந்தக் கவரை வாங்கியதே செல்லுமா? ஐந்து ரூபாய் கொடுத்து, ஒரு ரூபாய் ஒட்டிய கவரை வாங்குகிறீர்கள். கைபர் போர் நாளில் நபித்தோழர் ஃபழாலா (ரலி) தங்கமும் மணியும் கோத்த மாலையைப் பன்னிரண்டு தீனார் தங்கக் காசுக்கு வாங்கினார். பிரித்துப் பார்த்தால் தங்கமே அதைவிட அதிகம். "பிரிக்காமல் விற்கக் கூடாது" என்றார்கள் நபி (ஸல்). முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. எங்கள் ஷாஃபி மத்ஹபில் (சட்டப் பிரிவில்) காசும் பொருளும் கலந்ததைக் காசுக்கு விற்பது செல்லாது. தம்பி நாணயத்தைப் பெயர்த்தது சரி, ஆனால் கடையிலேயே பெயர்த்திருக்க வேண்டும்.

நெல்பேட்டை மாமு:
காக்கா, நாங்கள் ராவுத்தர்கள், ஹனஃபி மத்ஹப். தனியாகக் கொடுக்கும் காசு ஒட்டியிருக்கும் காசைவிட அதிகமாக இருந்தால் எங்களிடம் செல்லும். ஒரு ரூபாய்க்கு ஒரு ரூபாய் போனது, மிச்சம் நாலு ரூபாய் காகிதத்துக்கு. கடற்கரைச் சட்டத்தை வைகைக்குக் கொண்டுவராதீர்கள்.

கீழக்கரைக் காக்கா:
கப்பல் வைத்து வியாபாரம் பார்த்த பரம்பரை நாங்கள். மதுரைக்காரரிடம் வந்து ரிபா படிக்க வேண்டிய தலையெழுத்து இல்லை.

நெல்பேட்டை மாமு:
கப்பலும் போச்சு, பேச்சு மட்டும் மிச்சம்.

சரி, தம்பியிடம் ஒன்று கேட்கிறேன். நீ குடியிருப்பது ஒத்தி வீடு. ஐந்து லட்சம் கொடுத்துவிட்டு மூன்று வருடமாக வாடகை இல்லாமல் இருக்கிறாய். காலி செய்யும்போது ஐந்து லட்சமும் முழுசாகக் கைக்கு வரும். கடன் கொடுத்து அதன் பேரில் வீட்டை அனுபவிக்கிறாயே, அது என்ன? அதை நகத்தால் சுரண்ட வராதா?

ஜவுளித் தம்பி:
சொந்த விஷயத்தை இழுக்காதீர்கள். மார்க்கம் படித்த ஹஜ்ரத்திடம் கேட்டுத்தான் செய்தேன். மாதம் ஐந்நூறு வாடகை என்று பத்திரத்தில் போட்டிருக்கிறது.

நெல்பேட்டை மாமு:
அந்தத் தெருவில் வாடகை எட்டாயிரம்! ஏழாயிரத்து ஐந்நூறு ஹலால், என் ஒரு ரூபாய் ஹராம்!

ஜவுளித் தம்பி:
தலைப்பு ஒத்தி இல்லை. ஒரு ரூபாய் வட்டியா இல்லையா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

நெல்பேட்டை மாமு:
சொல்கிறேன். நீ என் மகள் நிக்காஹ்வுக்குக் கொடுத்த கவர் என் கண்ணிலேயே நிற்கிறது. ரோஸ் கலர், மேலே ஜிகினா, அதிலும் நாணயம் ஒட்டியிருந்தது. ஆக நீ செய்ததே 1,001. நான் திருப்பியதும் 1,001. கூடுதல் எங்கே?

ஜவுளித் தம்பி:
நான் கவரே வைக்கவில்லை, கையில் எண்ணிக் கொடுத்தேன். நோட்டில் 1,000 என்றுதான் இருக்கும். இருந்தால் படம் போடுங்கள்.

நெல்பேட்டை மாமு:
நோட்டு எழுதியது என் மச்சினன். அவன் கவருக்குள் இருப்பதை மட்டும்தான் எழுதுவான், ஒட்டியிருப்பதைச் சேர்க்க மாட்டான். அன்றைக்கு எல்லாருக்கும் அப்படித்தான் எழுதினான்.

கீழக்கரைக் காக்கா:
அடடே! 2:282-ல் நீதமாக எழுதச் சொல்லியிருக்கிறது. உங்கள் எழுத்தர் ஊர் முழுக்க ஒரு ரூபாயை விழுங்கியிருக்கிறார்.

நெல்பேட்டை மாமு:
என் மச்சினனைப் பற்றிப் பேச உமக்கு என்ன உரிமை? அந்த நாணயமெல்லாம் பள்ளிவாசல் உண்டியலுக்குப் போனது.

ஜவுளித் தம்பி:
அப்படியென்றால் நான் கொடுத்ததாகச் சொல்லும் ஒரு ரூபாய் உங்களிடம் வரவே இல்லை. உண்டியலுக்குப் போனதை எனக்கு எதற்குத் திருப்பித் தருகிறீர்கள்? அது கூடுதல்தான். வட்டிதான்.

மஹபூப்பாளையம் லாத்தா:
என் மோதிரத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

நெல்பேட்டை மாமு:
மோதிரம் இருக்கட்டும் தாயி. தம்பி, நோட்டைத் தேடச் சொல்லியிருக்கிறேன். அது ரோஸ் கலர் கவர். ஜிகினா போட்டது.